தீர்வைக் கச்சேரியின் எல்லைக்கற்கள்

அமலோற்பவத்தின் வீட்டுக்குக் கூரைத் தளம் போட்ட அன்று சந்தியாகப்பர் தெருவில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி அமலோற்பவம், இறந்துபோன அவளுடைய கணவனின் தம்பியும் அந்த வீட்டின் கொத்தனாருமான கஸ்பார், அவனோடு வந்த சித்தாள்கள் ஆறு பேர், சட்டி தூக்க வந்த தெருப் பெண்கள் பத்தொன்பது பேர், காற்று சரியில்லாமல் கடலுக்குப் போகாத ஆண்கள் ஒன்பது பேர், டீக்கடை இசக்கிமுத்து, பிற்பகலில் வந்து சேர்ந்த நகராட்சி ஓவர்சியர் தங்கப்பழம், அவரோடு டேப் பிடிக்கும் ஆட்கள் இருவர், காரில் வந்து கடைசிவரை இறங்காமலே இருந்த கவுன்சிலர் வைகுண்டமணி, ஏலக்கூடத்தில் மீன் எடை போடுகிற நான். ஆக நாற்பத்திரண்டு பேர். இவர்களைத் தவிர தீர்வைக் கச்சேரியும் அங்கே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அதுவும் அங்கே வந்ததுதான்.

கப்பல் சரக்குக்குத் தீர்வை வாங்கிய காலத்தில் கட்டப்பட்ட கட்டடம் அது. எங்கள் சங்குமுனையில் கப்பல் நின்று போய், தீர்வை நின்று போய், கடலும் கொஞ்சம் விலகிப் போன பிறகும், பவளக்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டு மாடியோடு, தேக்கு உத்தரங்களோடு, ஒன்பதடி வாசலோடு, வேலை இல்லாத பெரிய மனிதர் மாதிரி ஊர் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் புறாக்கள் இருந்தன. வேறு யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் நகராட்சி அதைச் சரித்திரச் சின்னம் என்று தீர்மானம் போட்டது. சுவரிலிருந்து நாலா பக்கமும் நூறடிக்குள் யாரும் செங்கல் வைக்கக்கூடாது, கூரை மாற்றக்கூடாது, பாரலாரி நுழையக்கூடாது என்றும், எல்லை தெரிய மஞ்சள் பூசிய கருங்கற்களை இருபதடிக்கு ஒன்றாக நடவேண்டும் என்றும் அந்தத் தீர்மானம் சொன்னது. நாற்பத்தொரு கல் வந்து இறங்கியது.

மேற்கே நூறடி அளந்தபோது டேப் கவுன்சிலர் வைகுண்டமணியின் கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், மூன்றாவது பந்தி வரிசையில் நின்றது. அங்கே கல் நட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மேற்கே குறைத்து நட்டார்கள். குறைத்ததை ஈடுகட்ட வேண்டும், வட்டம் சிறுத்துப் போகக்கூடாது என்று கிழக்கே அதே அளவு தள்ளி நட்டார்கள். கிழக்கே இருந்தது மீன்காரர்களின் சந்தியாகப்பர் தெரு. அந்தத் தெருவுக்குக் கவுன்சிலர் யாரும் கிடையாது, அது மூன்று வார்டுகளின் ஓரத் துண்டுகளை ஒட்டவைத்த தெரு.

அடுத்த திங்கட்கிழமை ஓவர்சியர் வந்து அளந்தபோது தீர்வைக் கச்சேரி ஒரு முழம் கிழக்கே தள்ளி, தன் கற்களுக்குச் சரியாக நடுவில் நின்றது.

அது எப்படி நகர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. எந்த விதியின் கீழ் நகர்ந்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம். சரித்திரச் சின்னத்தை யாரும் நகர்த்தக்கூடாது என்று தீர்மானத்தில் இருந்தது, ஆனால் அது தானாக நகரக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆகவே நகராட்சி செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது: கச்சேரி நிற்கிற இடத்திலிருந்து மறுபடி நூறடி அளந்து கற்களைப் பிடுங்கி நடுவது. அதைச் செய்தார்கள். அதற்குள் மேற்கே விடுபட்ட ஒரு முழத்தில் வைகுண்டமணி தன் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு வரிசை நீட்டிக் கட்டியிருந்தார். டேப் மறுபடி கூடத்துக்குள் போனது. மறுபடி மேற்கே குறைத்து, கிழக்கே கூட்டி நட்டார்கள். மறுபடி கச்சேரி நடுவுக்கு வந்தது. இப்படியே வாரத்துக்கு ஒரு முழமாகக் கச்சேரி கிழக்கே போக, வாரத்துக்கு ஒரு வரிசையாகப் பந்தி அதன் பின்னாலேயே வந்தது. ஒரே பந்தியில் இத்தனை பேர் உட்காருகிற மண்டபம் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று வைகுண்டமணி நோட்டீஸ் அடித்தார்.

ஊர் இதற்குப் பழகியது. மாலையில் காற்று மாறுவதற்குப் பழகிய மாதிரி பழகியது. கச்சேரிக்கு முன்னால் இருந்தவர்கள் அவசர அவசரமாகக் கட்டினார்கள், கல் வருவதற்குள் சுவர் எழுப்பினார்கள், வாய் திறந்து பேச நேரமில்லாமல் பூசினார்கள். பின்னால் இருந்தவர்கள் கல் எடுத்த குழியிலேயே தூண் நட்டார்கள். நடுவில் இருந்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் திண்டாடி, கூரையில் ஒரு ஓடுகூட மாற்ற முடியாமல், திங்கட்கிழமை எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு இருந்தார்கள். தரையில் காது வைத்தால் எந்நேரமும் ஒரு முறுமுறுப்புக் கேட்டது. கிண்ணத்தில் தண்ணீர் நிற்கவில்லை, ஓரத்தில் சுழித்துக்கொண்டே இருந்தது. கைக்குழந்தைகள் தொட்டிலில் தாமாகவே ஆடித் தூங்கின. கல்யாணப் பத்திரிகைகளில் "தீர்வைக் கச்சேரிக்கு எதிரில், தேதியன்று பின்புறமாகவும் இருக்கலாம்" என்று அச்சடித்தார்கள்.

வழியில் இருந்தவற்றில் வாசலுக்குள் அடங்கியது வாசல் வழியே உள்ளே போய், கூடத்தைக் கடந்து, பின்வாசல் வழியே வெளியே வந்தது. இரண்டு விளக்குக் கம்பங்கள் அப்படி வந்தன, எரிந்துகொண்டே. ஒரு முருங்கைமரம் உள்ளே போகும்போது பூவோடு போய் வெளியே வரும்போது காயோடு வந்தது. இசக்கிமுத்துவின் தகரப் பெட்டிக்கடை ஏழடி அகலம், அதுவும் உள்ளே போனது. தேக்கு உத்தரத்துக்குக் கீழே, புறாக்களுக்கு நடுவில் அவன் அத்தனை வாரமும் டீ ஆற்றினான்.

"வாடகை இல்லாம அரண்மனைக்குள்ள கடை போட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்வே" என்று அவன் இன்றைக்கும் சொல்லுவான். "வெளிய வந்ததும் பாரும், டீயில பழைய ருசி இல்ல."

வாசலுக்குள் அடங்காததற்கு வேறு கதி. ரேஷன் கடை இருபதடி அகலம். கச்சேரியின் முன்சுவர் அதன் முதுகில் வந்து தொட்டு, அவசரமில்லாமல் தள்ளி, அரிசி போடப் போடவே அதைச் செங்கல் குவியலாக்கியது. கடைசி வாரம் எடையாளர் தராசைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று சீனி நிறுத்தார். கார்டுக்காரர்கள் வரிசை கலையாமல் இரண்டடி தள்ளி நின்று வாங்கிப் போனார்கள்.

வார்டு மாறியபோது மட்டும் கொஞ்சம் சத்தம் எழுந்தது. நான்காம் வார்டு கவுன்சிலர் தன் சின்னத்தைத் திருடிவிட்டார்கள் என்று மன்றத்தில் அழுதார். ஆறாம் வார்டுக்காரர் இந்தச் சனியனை யார் கேட்டது என்று அவரும் அழுதார். கச்சேரியின் முன்வாசலை ஆறாம் வார்டு துப்புரவாளர்களும் பின்வாசலை நான்காம் வார்டு துப்புரவாளர்களும் கூட்டவேண்டும் என்று முடிவானது. நடுக்கூடத்தின் குப்பை இன்னும் அப்படியே கிடக்கிறது.

கச்சேரி தன் கற்களுக்கு நடுவே வந்து நிற்கிறது, கற்களை எந்தப் பக்கம் தள்ளுகிறார்களோ அந்தப் பக்கம் போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நகராட்சிக்கும் தெரியும். தெரிந்ததாக ஒத்துக்கொண்டால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்பதால், அது தெரியாததாகவே இருந்தது.

அமலோற்பவம் கருவாடு விற்கிறவள். போன வருஷக் காற்றில் அவள் ஓலைக்கூரை பறந்து உப்பளத்தில் போய் விழுந்தது. வீடு கட்டும் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்து, பதினாறடி அகலத்தில் நாலு சுவர் எழும்பி, சிமெண்டு மூட்டை வந்து, கம்பி வந்து, ஜல்லியில் முக்கால் பங்கு வந்து இறங்கியிருந்தபோது, திங்கட்கிழமை மஞ்சள் கற்கள் வந்தன. ஒரு கல் அவள் முற்றத்திலேயே விழுந்தது. கால் பங்கு ஜல்லியோடு வந்த லாரி தெருமுனையில் தடுக்கப்பட்டுத் திரும்பிப் போனது. சுவருக்கு மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டி அவளும் கல்லூரிக்குப் போகும் மகளும் இருந்தார்கள். மகளை மழைக்கு முன்னால் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். புத்தகம் நனையுமே என்று அனுப்பினாள். தளம் போட்டதும் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினாள்.

ஓவர்சியர் தங்கப்பழம் கெட்டவர் இல்லை. அவள் கேட்டபோதெல்லாம் நின்று பதில் சொன்னார்.

"கூரை மாத்தக்கூடாதுன்னு இருக்கும்மா."

"மாத்தலையே சார். இல்லாத கூரைய எப்படி மாத்த?"

"புதுசா போடுறதும் மாத்துறதுலதான் வரும். கொஞ்சம் பொறுங்க. கச்சேரி உங்களக் கடந்து போயிட்டா நீங்க கல்லுக்கு வெளிய வந்துருவிய. அப்புறம் மாடியே கட்டுங்களேன், யாரு கேக்கா?"

"என் வீடு பதினாறடி. அதோட வாசல் ஒம்பதடி. கடந்து போச்சுன்னா வீடு எங்கன சார் இருக்கும்?"

அவர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடித்து, மறுபடி இழுத்து, மறுபடி சுருட்டினார்.

அவள் மன்றக் கூட்டத்துக்கும் போனாள். தலைவி அம்மாள் நல்லவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைகுண்டமணியைப் பார்த்தார். வைகுண்டமணி எழுந்து, துண்டைச் சரிசெய்து, "தாயி, அது நம்ம முன்னோர் கட்டுன சின்னம். அது போற வழிய நாம தீர்மானிக்க முடியுமா? நமக்கு அந்தத் தகுதி உண்டா?" என்றார்.

"அண்ணாச்சி, நீங்க பந்தி போட வழி விட்டுத்தான அது போவுது" என்றாள் அமலோற்பவம்.

மன்றத்தில் சிரித்தவர்கள் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த பொருள், தெருநாய்கள்.

அதற்கடுத்த வாரங்களில் கச்சேரி அவள் பின்சுவருக்குப் பன்னிரண்டடியில் வந்துவிட்டது. அதன் நிழலில் கருவாடு காயவில்லை. வடக்கே இடி கேட்டது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கஸ்பார் ஜல்லிக் குவியலைப் பார்த்துக் காலால் கிளறினான்.

"சிமெண்டு இன்னும் ரெண்டு வாரம் கெடந்தா கட்டியாயிரும் மதினி. ஜல்லிதான் பத்தாது. தலைச்சுமையா கொண்டு வரலாம்னா அந்த டேப்புக்காரனுவ தெருமுனையிலயே நிக்கானுவ."

அமலோற்பவம், மறுநாள் கிழக்கே நடுவதற்காக ஆட்கள் முற்றத்தில் இறக்கிவைத்திருந்த மஞ்சள் கல்லின் மேல் உட்கார்ந்து வலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து அதைப் பார்த்தாள்.

"இது என்ன கல்லு கஸ்பாரு?"

"நல்ல கருங்கல்லு" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. அவன் ஒன்றரை அடிக் கல்லை விரலால் சாண் போட்டான், தெருவைப் பார்த்தான், உதட்டைக் கடித்தான். "எல்லாத்தையும் ஒடைச்சா சரியா இருக்கும்."

டீ கொண்டுவந்த இசக்கிமுத்துதான் கேட்டான்: "யக்கா, ஒரு கல்லும் இல்லைனா அதுக்கு நடு எது? எங்கன போயி நிக்கும் அது?"

யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே மறுநாள் விடிந்ததும், டேப்புக்காரர்கள் வருவதற்கு முன்பே, கடப்பாரையோடு கிளம்பினார்கள்.

தெற்கிலிருந்து பிடுங்கினார்கள், வடக்கிலிருந்து பிடுங்கினார்கள், மண்டபத்துப் பந்தி ஜன்னலுக்கு அடியில் இருந்த கல்லைப் பிடுங்கும்போது உள்ளே யாரோ முகூர்த்தச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். பெண்கள் தலைச்சும்மாட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சம்மட்டி ஓங்கி விழுந்தது. மஞ்சள் சாயம் பொடியாகப் பறந்து கண் இமையிலும் மீசையிலும் ஒட்டியது. சித்தாள்கள் கல்லைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தட்ட, நெருப்புப் பொறி பறக்க, ஒருத்தி சுத்தியல் தாளத்துக்குக் கவுன்சிலரை வைத்துப் பாட்டுக் கட்ட, மற்றவர்கள் அதற்கு ஏற்றாற்போல் தட்டினார்கள். இங்கே எழுத முடியாத பாட்டு.

கடைசிக் கல் பூமியை விட்டு எழுந்ததும் தீர்வைக் கச்சேரி அசைந்தது.

அதுவரை அது நகர்ந்ததை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நகர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறோம். இப்போது முளை பிடுங்கிய எருமை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. வாசலை வடக்கே காட்டியது, தெற்கே காட்டியது, கடல் பக்கம் காட்டி ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி திரும்பியது. கதவுகள் அடித்துக்கொண்டன. புறாக்கள் மொத்தமும் வெளியேறி மேலே ஒரு வட்டம் போட்டு, இறங்க இடம் தெரியாமல் பறந்தன. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து எங்கள் தலையில் விழுந்தது. நான் எடைக்கல் தூக்கிப் பழகிய கையோடு சட்டி வரிசையில் நின்றிருந்தேன்.

"பாக்காதிய! வேலையப் பாருங்க!" என்று கஸ்பார் கத்தினான். கலவை போட்டாயிற்று. சட்டி கைமாறிக் கைமாறி ஏணியேறிப் பலகைமேல் விழுந்தது. அமலோற்பவம் மேலே நின்று கலவையைப் பரப்பினாள்.

முதலில் லாரியில் வந்த ஜல்லி போனது, பிறகு மஞ்சள் கல் ஜல்லி போக ஆரம்பித்தது. அது மேலே போகப் போகக் கச்சேரியின் சுற்றல் குறைந்தது. கதவுகள் அடங்கின. வாசல் மெல்லத் திரும்பி அமலோற்பவத்தின் வீட்டுக்கு நேராக நின்றது. பிறகு அது வர ஆரம்பித்தது.

வாரத்துக்கு ஒரு முழம் வந்த கட்டடம், நாங்கள் பார்க்கப் பார்க்க, ஒரு சட்டிக்கு ஒரு விரற்கடை வந்தது. சட்டி மேலே போனால் வந்தது. சட்டி நின்றால் நின்றது. வரிசையில் எல்லோருக்கும் இது ஒரே நேரத்தில் புரிந்து, எல்லோர் கையும் ஒரே நேரத்தில் நின்றது.

அப்போதுதான் ஓவர்சியர் தங்கப்பழம் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் வைகுண்டமணியின் கார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா! கீழ எறங்குங்க!"

"பாதித் தளத்துல நிறுத்தினா இணைப்புல ஒழுகும் சார்" என்றான் கஸ்பார். "நிறுத்துறதா இருந்தா காலையில சொல்லியிருக்கணும்."

"ஒழுகுறதா இப்ப முக்கியம்? அது வருது பாத்தியளா! முன்சுவர் வந்து ஒரு தட்டு தட்டினா மேல நிக்கிறவங்க கதி என்ன?"

கஸ்பார் அண்ணன் மனைவியை அண்ணாந்து பார்த்தான். "மதினி, எறங்கிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அமலோற்பவம் கச்சேரியைப் பார்த்தாள். அது ஐந்தடியில் நின்றது. அதன் வாசலுக்குள் இருட்டும் புறா எச்சமும் தெரிந்தன. கிழக்கே கடல் கறுத்து, முதல் காற்று வந்து, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த நீலத் தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது.

"ரேஷன் கடைய அது ஏன் தள்ளிச்சு? அது போற வழியில இருந்துச்சு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு குனிந்து கையை நீட்டினாள். "இது வழி இல்ல. இதுதான் அதுக்கு எடம். வரட்டும். சட்டியக் குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. இசக்கிமுத்துதான் தன் கையில் இருந்த சட்டியை, "ஏசுவே, முருகா" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஏணிக்காரனிடம் கொடுத்தான். பிறகு வரிசை அசைந்தது. முட்டுக்கம்புகளை ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாலடி. மூன்றடி. சித்தாள் பெண்ணின் பாட்டு நின்றுவிட்டது, சட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. ஓரடி. அமலோற்பவம் அதன் பக்கம் முதுகைக் காட்டி, குனிந்து, மூலையில் கலவையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சட்டி கொட்டப்பட்டபோது கச்சேரியின் முகப்புத் தாழ்வாரம் அவள் பின்சுவரைத் தொட்டது. சுவர் ஒருமுறை நெளிந்தது. மேலே கம்பி முனகியது. பிறகு, தண்ணீர் குடித்த மாடு பெருமூச்சு விடுகிற மாதிரி கச்சேரிக்குள்ளிருந்து ஒரு காற்று வெளியே வந்தது, சுண்ணாம்பு வாசனையோடு. முகப்புச் சட்டம் ஈரத் தளத்தின் விளிம்பில் இரண்டு விரல் சாய்ந்து நின்றது. முறுமுறுப்பு நின்றது. அத்தனை மாதமாகக் காலுக்குக் கீழே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் ஒரு கைக்குழந்தை எங்கேயோ விழித்துக்கொண்டு அழுதது.

கார் ஜன்னல் இறங்கியது. "என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு! தளத்த இடிச்சுத் தள்ளும்!"

தங்கப்பழம் தளத்தை அண்ணாந்து பார்த்தார். கச்சேரியைப் பார்த்தார். டேப்பை எடுக்கவே இல்லை.

"அண்ணாச்சி, எல்லைக்கல்லு சின்னத்தைச் சேர்ந்த சொத்து. அதுமேல உளி படக்கூடாதுன்னு நம்ம தீர்மானத்துலயே இருக்கு. அது இப்ப தளத்துக்குள்ள இருக்கு."

"அப்ப புதுக் கல்லு கொண்டாந்து நடும்!"

"நடலாம். நட்டா கச்சேரி அதுக்கு நடுவுக்கு வரப் பாக்கும். அது இந்தத் தளத்துமேல சாஞ்சு நிக்கி. நகந்தா ரெண்டும் சேந்து விழும். சின்னம் விழுந்தா யாரு பொறுப்புன்னு கேப்பாங்க. கல்லு எந்தப் பக்கம் கொறைச்சு நட்டதுன்னும் கேப்பாங்க." அவர் இதைச் சொல்லிவிட்டுத் தானே பயந்து, மெதுவாக, "அண்ணாச்சி" என்று சேர்த்துக்கொண்டார்.

ஜன்னல் ஏறியது. கார் பின்னோக்கியே போய்த் தெருமுனையில் திரும்பியது.

அமலோற்பவத்தின் வீட்டுப் பின்வாசல் போயிற்று. பின்பக்கம் இருந்த கருவாட்டுப் பந்தலும் அடுப்பும் தாழ்வாரத்துக்கு அடியில் போயின. மேற்கே இனி அந்த வீட்டுக்கு வெயில் கிடையாது. அமலோற்பவம் ஏணியில் இறங்கி வந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இசக்கிமுத்துவின் போனை வாங்கி மகளுக்குப் பேசினாள். "தளம் போட்டாச்சு. முட்டு எடுத்ததும் வா. புத்தகத்த எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

மழை வந்தது. நீலத் தார்ப்பாயை விரித்து ஈரத் தளத்தை மூடினார்கள். முட்டுக்கம்புகளுக்கு நடுவே நிற்க இடமில்லாததால் எல்லோரும் கச்சேரியின் தாழ்வாரத்தில் ஏறினார்கள், ஓவர்சியர் உட்பட. புறாக்களும் திரும்பி வந்தன. நனைந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போடவேண்டும் என்று அமலோற்பவம் பெரிய பானையைக் கொண்டுவந்தாள். உடைக்காமல் கிடந்த கற்களை உருட்டிக் கூட்டி, அந்தச் சரித்திரச் சின்னத்தின் நடைபாதையில் அடுப்பு வைத்து, தேங்காய் மட்டையைப் பற்றவைத்தாள். புகை தேக்கு உத்தரத்துக்கு ஏறியது.

தங்கப்பழம் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நட்டது நாப்பத்தொண்ணு. நான் மேல பதில் சொல்லணும். மிச்சம் எத்தனைம்மா?"

"எண்ணிக்கிடுங்க சார்" என்றாள் அவள், ஊதிக்கொண்டே. "ஆனா எடுத்துராதிய, பானை கவுந்துரும்."

அவர் குனிந்து எண்ணினார். நானும் எண்ணினேன். மூன்று.